லேட்டாக வந்த குமாஸ்தாவும் வெள்ளிக்கிழமை ரிவ்யூவும்

எங்கள் ப்ராஜெக்ட் டீமில் நாலு பேர். ஒருத்தன் வெள்ளிக்கிழமை தவறாமல் ஜும்ஆவுக்குப் போகிறவன். ஒருத்தி இராயபுரத்துக்காரி, ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடியாமல் போனையே எடுக்க மாட்டாள். இன்னொருத்தன் கடவுளே இல்லை என்பவன், ஹாஸ்டல் அலமாரி பூரா பெரியார் புத்தகம். நாலாவது நான். பரீட்சைக்கு முந்தின நாள் மட்டும் பக்தி வரும்.

இரண்டாவது ரிவ்யூவுக்கு ஷெட்யூல் வந்தது. எங்கள் டீமுக்கு வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணி. அவன் வாட்ஸ்அப் குரூப்பில், "வேற யாராவது ஸ்லாட் மாத்திக்க முடியுமா?" என்று ஒரு வரி போட்டான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு வந்த எழுபது எண்பது மெசேஜ்களைப் பற்றி எழுதப் போவதில்லை. "எல்லாருக்கும் ஒரே ரூல்தானே", "இப்படியே ஆளாளுக்குக் கேட்டா?" என்று ஆரம்பித்து, பத்து நிமிஷத்தில் ரிவ்யூவை விட்டுவிட்டு நாட்டையே பேச ஆரம்பித்துவிட்டார்கள். நான் ஒரு மெசேஜும் போடவில்லை. எல்லாவற்றையும் படித்தேன், ப்ளூ டிக் மட்டும் விழுந்தது. அது இன்னும் உறுத்திக்கொண்டேதான் இருக்கிறது.

அன்றைக்கு ராத்திரி பாட்டியிடம் விஷயத்தைச் சொன்னேன். "சாமி கும்புட லேட்டாப் போனவன் கதைதான் நம்ம ஊரே" என்றார் பாட்டி. எனக்குப் புரியவில்லை.

நாங்கள் இருப்பது காலடிப்பேட்டை. விம்கோ நகர் மெட்ரோவில் டோல்கேட் தாண்டினால் அடுத்த ஸ்டேஷன். 2021 பிப்ரவரியில் அந்த லைன் திறந்த பிறகு வெளியூர் நண்பர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "யாரோட காலடி?" ஆதிசங்கரர் பிறந்த ஊர் கேரளத்துக் காலடி, திருவொற்றியூர்க் கோயில் மரபிலும் அவர் பெயர் வரும், அதனால் அவர் காலடிதான் என்று ஒரு சீனியர் எனக்கு முழு நம்பிக்கையோடு விளக்கியிருக்கிறார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். பள்ளிக்கூடத்தில் வரலாற்றை இங்கிலீஷில் படித்தவன் நான். பிளாசிப் போர் வருஷம் தெரியும், பக்கத்துத் தெருப் பெயர் எப்படி வந்தது என்று தெரியாது.

உண்மையில் அது காலடியே இல்லை. காலட். ஜோசப் காலட், 1717 ஜனவரி முதல் 1720 ஜனவரி வரை மூன்று வருஷம் சென்னைக்கு கவர்னராக இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி ஆள். நெசவாளர்களையும், துணியில் சாயம் தீட்டுகிறவர்களையும் கூட்டிவந்து திருவொற்றியூர்ப் பக்கத்தில் குடிவைத்த ஊர் 'காலட் பேட்டை'. மக்கள் வாயில் புரண்டு புரண்டு அது காலடிப்பேட்டை ஆனது.

பாட்டி சொன்ன கதை, எங்கள் கல்யாண வரதராஜப் பெருமாள் கோயிலின் கதை. கவர்னரிடம் ஒரு குமாஸ்தா வேலை பார்த்தார். வீரராகவன் என்று பெயர் சொல்கிறார்கள். காஞ்சிபுரம் வரதராஜரைக் கும்பிடாமல் வேலையைத் தொட மாட்டார். அதனால் தினமும் லேட். ஒருநாள் கவர்னர் கடுப்பாகி, "உன் சாமி இப்போ என்ன பண்ணிக்கிட்டு இருக்கார், சொல்லு பார்ப்போம்" என்று கேட்டாராம். குமாஸ்தா கண்ணை மூடிக்கொண்டு, காஞ்சியில் தேர் நகராமல் நிற்கிறது, இழுக்க முடியாமல் திணறுகிறார்கள் என்றாராம். கவர்னர் ஆளனுப்பி விசாரித்தால் அதே நேரத்தில் அதேதான் நடந்திருக்கிறது. அசந்துபோன கவர்னர், "இனிமே நீ அவ்வளவு தூரம் போக வேண்டாம்" என்று இங்கேயே ஒரு வரதராஜருக்குக் கோயில் கட்டிக் கொடுத்தாராம். சொல்கிறவர்களைப் பொறுத்து தேர் விஷயம் கொஞ்சம் மாறும். பாட்டி முடிக்கும்போது மட்டும் மாறவே மாறாது: "வெள்ளக்காரத் தொர கட்டின கோயில்டா அது."

இன்ஜினியரிங் படிக்கிறவன் சும்மா இருப்பானா? கணக்குப் போட்டேன். கோட்டையிலிருந்து காஞ்சிபுரம் சுமார் 75 கிலோமீட்டர். மணிக்கு 5 கிலோமீட்டர் நடந்தால் போக 15 மணி நேரம், வர 15. ஒரு நாளில் 24தான். மனுஷன் லேட்டாக வந்தது ஆச்சரியமில்லை, வந்ததுதான் ஆச்சரியம். கதை அப்படியே நடந்திருக்க வாய்ப்பில்லை. சரி, கதையை நம்பவில்லை என்றால் என்ன மிஞ்சும்? கோயில் மிஞ்சும். ஊர் மிஞ்சும். ஊர்ப் பெயரில் காலட் மிஞ்சுவார்.

அந்தக் காலட் யார் என்று தேடப் போனதில்தான் இந்தக் கட்டுரையே வந்தது. 1673இல் பிறந்தவர், இங்கிலாந்தில் வியாபாரத்தில் நொடித்துப் போனார். கடனை அடைக்கக் கம்பெனி வேலைக்கு வந்து, முதலில் சுமத்ராவில் பென்கூலனில் இருந்தார். பிறகு சென்னை. இங்கே சொந்த வியாபாரமும் பார்த்து, பணக்காரராகத்தான் திரும்பினார். மகானெல்லாம் கிடையாது. 1716இல் அமோய் சின்குவா என்ற சீனக் கலைஞர் அவரை வைத்துச் செய்த களிமண் பொம்மை ஒன்று லண்டன் தேசிய உருவப்பட அருங்காட்சியகத்தில் இப்போதும் இருக்கிறது. மூன்றடிக்குக் கொஞ்சம் குறைவு, சுடாத மண், மேலே வண்ணம். நெட்டில் படம் கிடைக்கும், பாருங்கள். விக்கும் கோட்டுமாக ஒரு மனுஷர் நிற்கிறார். பாட்டியிடம் காட்டினேன். "இவுரா?" என்று ரொம்ப நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதில் எனக்கு முக்கியமாகப் பட்டது அவருடைய மதம். காலட் கிறிஸ்தவர்தான், ஆனால் இங்கிலாந்தின் அரசுத் திருச்சபையைச் சேர்ந்தவர் இல்லை. பாப்டிஸ்ட். அந்தக் கால இங்கிலாந்தில் பாப்டிஸ்டுகள் மாதிரி திருச்சபைக்கு வெளியே நின்றவர்களுக்குப் பல கதவுகள் மூடியிருந்தன. 1661இலும் 1673இலும் வந்த சட்டங்களின்படி, நகராட்சிப் பதவியோ அரசுப் பதவியோ வேண்டுமென்றால் அரசுத் திருச்சபையின் முறைப்படி நற்கருணை வாங்கியிருக்க வேண்டும். மனசாட்சிக்கு விரோதமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் முட்டி போட்டு வாங்கிவிட்டால் பதவி. இல்லையென்றால் இல்லை. இந்தச் சட்டங்கள் நீங்க 1828 ஆனது. அதாவது, எங்கள் ஊரில் ஒரு குமாஸ்தாவுக்குக் கோயில் கட்டிக் கொடுத்ததாகச் சொல்லப்படும் மனுஷர், தன் சொந்த ஊரில் சாமி கும்பிடும் விதத்துக்காக ஓரமாக உட்கார வைக்கப்பட்ட கூட்டத்தைச் சேர்ந்தவர். வேலையா, சாமியா என்று ஒருத்தனை நிறுத்திக் கேட்டால் எப்படி இருக்கும் என்பது அவருக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டியதில்லை.

இப்படிச் சொல்லிவிட்டு நகர்ந்தால் காலட்டுக்கு நான் மாலை போட்டது மாதிரி ஆகிவிடும். லாபக் கணக்கையும் சொல்ல வேண்டும். கம்பெனிக்குத் தேவை துணி. துணிக்குத் தேவை நெசவாளர். நெசவாளர் ஒரு இடத்தில் குடும்பத்தோடு தங்க வேண்டுமானால் வீடும் தறியும் மட்டும் போதாது, கோயில் வேண்டும், திருவிழா வேண்டும். இது கம்பெனிக்கு நன்றாகத் தெரியும். பின்னால் 1734இல் சிந்தாதிரிப்பேட்டையை, அதாவது சின்னத் தறிப்பேட்டையை, இதே மாதிரி நெசவாளர்களுக்காக உண்டாக்கினபோதும் அங்கே கோயில் எழும்பியது. இன்றைக்கு ஒரு ஐடி பார்க்கில் ஜிம்மும் குழந்தைகள் காப்பகமும் வைக்கிற மாதிரி என்று சொல்லலாம். ஆள் ஓடிவிடக் கூடாது. (அதே 1719இல் லண்டன் நெசவாளர்கள் இந்தியத் துணி உடுத்திய பெண்களைத் தெருவில் மறித்துக் கலாட்டா செய்துகொண்டிருந்தார்கள், எங்கள் பொழைப்பைக் கெடுக்கிறது என்று. அது தனிக் கட்டுரை.)

அப்போ கோயில் மரியாதையா, முதலீடா? என் டீமில் கடவுள் இல்லை என்பவன் உடனே "முதலீடு" என்றான். எனக்கு இரண்டும்தான் என்று தோன்றுகிறது. லாபம் கலந்திருந்தால் மரியாதை பொய்யாகிவிடுமா? மூன்று நூற்றாண்டு கழித்து இந்த ஊர் ஞாபகம் வைத்திருப்பது துணிக் கணக்கை இல்லை. லேட்டாக வந்தவனை வேலையை விட்டுத் தூக்காமல், அவன் லேட்டாக வர வேண்டிய காரணத்தைத் தீர்த்து வைத்தார் ஒருத்தர் என்பதைத்தான். கதை பொய்யாக இருக்கலாம். ஆனால் நல்ல முதலாளி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று இந்த ஊர் நெசவாளர்கள் எதிர்பார்த்தது பொய் இல்லை.

கதையில் எனக்கு இடறுகிற இடம் ஒன்று உண்டு. கவர்னர் கேட்ட கேள்வி. "உன் சாமி இப்போ என்ன பண்றார்?" அது தெரிந்துகொள்ளக் கேட்ட கேள்வி இல்லை, மடக்கக் கேட்ட கேள்வி. குமாஸ்தா ஒரு அற்புதம் செய்து காட்டினதால் தப்பித்தார். காட்டாமல் போயிருந்தால்? அவர் நம்பிக்கைக்கு மதிப்பு கிடைக்க, தேர் எங்கேயோ நின்றுபோக வேண்டியிருந்தது. எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் வந்த கேள்விகளும் அந்த ரகம்தான். "உங்க மதத்துல எக்ஸாம்க்கு விதிவிலக்கே கிடையாதா?" கேள்விக்குறி இருந்தது, கேள்வி இல்லை.

தெரிந்துகொள்ளவே கேட்ட ஆள் ஒருத்தர் அதே காலத்தில், அதே கடற்கரையில் இருந்தார். 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு. தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டவர் என்று பொது அறிவுக் கேள்விக்காகப் படித்திருப்போம். அவர் மதம் மாற்றத்தான் வந்தார், அதில் ஒளிவுமறைவே இல்லை. ஆனால் வந்த இடத்தில் ஒரு காரியம் செய்தார். 1712 முதல் 1714 வரை தமிழர்களுக்குக் கேள்விகளை எழுதி அனுப்பினார். உங்கள் கடவுள் யார், பாவம் என்றால் என்ன, எங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்கிற மாதிரி. பதில்கள் கிட்டத்தட்ட 100 கடிதங்களாக வந்தன. அவற்றை ஜெர்மனில் மொழிபெயர்த்து ஊருக்கு அனுப்பினார்.

பதில் எழுதினவர்கள் சும்மா விடவில்லை. நீங்கள் குடிக்கிறீர்கள், மாடு தின்கிறீர்கள், சுத்தம் என்பதே கிடையாது, உங்கள் வேதம் நன்றாக இருக்கலாம், ஆனால் உங்கள் ஆட்கள் நடக்கிற லட்சணத்தைப் பார்த்தால் யார் சேருவார்கள் என்கிற அர்த்தத்தில் நேராகவே எழுதினார்கள். அதை மறைக்காமல் ஐரோப்பாவுக்கு அனுப்பியதில்தான் சீகன்பால்கு மேல் எனக்கு மரியாதை வந்தது. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் ஒரு பெரிய நூலே எழுதினார். உன்னை அனுப்பினது அந்த மதத்தை ஒழிக்க, அதைப் பரப்ப இல்லை என்கிற தோரணையில் ஊரிலிருந்தவர்கள் அதை ஓரம் கட்டினார்கள். 1867இல்தான் அது சென்னையில் அச்சேறியது. அவர் 1719இலேயே, 36 வயதில், இறந்துபோயிருந்தார். மாற்ற வந்தவர் தானும் கொஞ்சம் மாறிப்போய்விட்டாரோ என்று ஊர்க்காரர்கள் பயந்திருக்கிறார்கள்.

இந்த இரண்டு பேரும் ஒரு இடத்தில் சந்திக்கிறார்கள். 1717இல் சீகன்பால்கு தரப்பு சென்னையில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்க அனுமதி கேட்டபோது கொடுத்த கவர்னர், நம்ம காலட்தான்.

இதைப் படிக்கிறவர்கள், "அதான் எல்லா மதமும் ஒண்ணுதான் சொல்லுது" என்று முடிக்கப் போகிறேன் என நினைக்கலாம். இல்லை. எல்லா மதமும் ஒன்றைச் சொல்வதாக எனக்குத் தெரியவில்லை. ஒருத்தர் கடவுளுக்கு உருவமே கூடாது என்கிறார். இன்னொருத்தர் அந்த உருவத்துக்குக் கோடையில் சந்தனம் பூசுகிறார். மூணாவது ஆள் கடவுளே வேண்டாம் என்கிறார். இது மூன்றும் ஒன்று என்று சொன்னால் மூன்று பேரையும் சரியாகக் கேட்கவில்லை என்று அர்த்தம். ஒன்றாக இல்லாதபோது பக்கத்து பக்கத்தில் எப்படி இருப்பது என்பதுதான் பிரச்சினை. வடசென்னையில் அதற்கும் ஒரு ஆள் இருந்தார்.

காலடிப்பேட்டையிலிருந்து தெற்கே, இராயபுரம் பக்கம் அடக்கமாகியிருக்கிறார் குணங்குடி மஸ்தான் சாகிபு. 1792இல் தொண்டிக்குப் பக்கத்தில் குணங்குடியில் பிறந்து, சென்னைக்கு வந்து, 1838இல் மறைந்த சூஃபி. பராபரக் கண்ணி பாடினார், தாயுமானவர் பாடின அதே வடிவத்தில். மனோன்மணியைக் காதலியாக வைத்து, சித்தர்கள் பேசுகிற மொழியில் பாடினார். இஸ்லாத்தை விட்டு அவர் வெளியே வரவும் இல்லை, றகுமான் கண்ணியும் அவருடையதுதான். அவர் மேல் நான்மணிமாலை பாடினவர் திருத்தணிகை சரவணப்பெருமாள் ஐயர், பதிற்றுப்பத்தந்தாதி பாடினவர் ஐயாசாமி முதலியார். ஒரு முஸ்லிம் ஞானிக்கு இவர்கள் ஏன் பாட வேண்டும்? தமிழ் நன்றாக இருந்தது, பாடினார்கள். யாரும் யாரையும் மதம் மாறச் சொன்னதாகத் தெரியவில்லை.

தொண்டியிலிருந்து வந்தவர் என்பதால் தொண்டியார், அவர் இருந்த இடம் தொண்டியார்பேட்டை, அதுவே தண்டையார்பேட்டை என்று பலரும் சொல்வார்கள். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் 1693இலேயே எழும்பூர், புரசைவாக்கத்தோடு சேர்த்து கம்பெனிக்குக் கிடைத்த ஊர்களில் தண்டையார்பேட்டையும் ஒன்று. மஸ்தான் சாகிபு பிறக்கவே இன்னும் 99 வருஷம் பாக்கி. இங்கே பாருங்கள், காலடிப்பேட்டையில் கவர்னர் பெயரைச் சாமி பெயராக்கிவிட்டோம். தண்டையார்பேட்டையில் ஏற்கெனவே இருந்த பெயரை ஒரு சூஃபிக்குக் கொடுத்துவிட்டோம். இரண்டும் தப்பு. இரண்டாவது தப்பு மட்டும் எனக்குப் பிடித்திருக்கிறது. ஊரே சேர்ந்து ஒருத்தரைத் தன் ஆள் என்று சொல்ல ஆசைப்பட்டிருக்கிறது.

கடவுள் இல்லை என்பவர்களை இந்த மாதிரிக் கட்டுரைகளில் யாரும் கூப்பிடுவதில்லை. மேடையில் ஒரு ஐயர், ஒரு பாதிரியார், ஒரு ஹஜ்ரத், நடுவில் குத்துவிளக்கு. நாத்திகனுக்கு நாற்காலி கிடையாது. பெரியாருக்கு முன்னாலேயே சென்னையில் அவர்களுக்குச் சங்கம் இருந்தது என்பது எனக்கே இப்போதுதான் தெரியும். 1878இல் தொடங்கிய சென்னை இலௌகிக சங்கம். 1882 முதல் 'தத்துவவிவேசினி' என்று தமிழில் பத்திரிகை, இங்கிலீஷில் 'தி திங்கர்'. பண்டிதர்களோடும் பாதிரியார்களோடும் ஒரே நேரத்தில் சண்டை. லண்டனில் சார்லஸ் பிராட்லா நடத்திய நாத்திக இயக்கத்தோடு தொடர்பு வைத்திருந்தார்கள். அந்த பிராட்லா 1880இல் எம்பியாக ஜெயித்தார், ஆனால் கடவுள் பெயரால் சத்தியப் பிரமாணம் எடுக்கிற தகராறில் 1886 வரை நாடாளுமன்றத்தில் ஒழுங்காக உட்கார முடியவில்லை. காலட்டின் கூட்டத்தை நற்கருணை கேட்டு வெளியே நிறுத்திய அதே நாடு, இவரைச் சத்தியம் கேட்டு வெளியே நிறுத்தியது. பாப்டிஸ்டுக்கும் நாத்திகருக்கும் எதுவும் ஒத்துப்போகாது. நிறுத்தப்பட்ட வாசல் மட்டும் ஒன்று.

எங்கள் ஸ்லாட்டுக்கு வருகிறேன். அந்த எண்பது மெசேஜுக்குப் பிறகு முதலில் வாயைத் திறந்தவன் எங்கள் நாத்திகன்தான். கைடு ரூமுக்கு அவனே போனான். "சார், ஜும்ஆ தனியா வீட்ல தொழ முடியாதாம், ஜமாஅத்தோடதான். ரெண்டரைக்கு மாத்திக்குறோம் சார், இன்னொரு டீம்கிட்ட பேசிட்டோம்." கைடு நிமிர்ந்து பார்த்து, "நீதானே கடவுள் இல்லைன்னு சொல்றவன்?" என்றார். "ஆமா சார். கடவுள் இல்ல. இவன் இருக்கான்ல" என்றான். ஸ்லாட் மாறியது. அந்த இன்னொரு டீமிடம் பேசினது இராயபுரத்துக்காரி. நான்? பிபிடி தயார் பண்ணினேன்.

ரிவ்யூ முடிந்து கேன்டீனில் உட்கார்ந்தபோது, மூன்று வருஷமாக ஒரே தட்டில் சாப்பிடுகிறவனிடம் முதல் தடவையாகக் கேட்டேன். "அங்க போய் என்னடா பண்ணுவீங்க? நிஜமாத்தான் கேக்குறேன்." சிரித்தான். பயான் எப்படி இருக்கும், வரிசையில் தோளோடு தோள் ஒட்டி நிற்பது ஏன், பின்னால் வந்தவன் பணக்காரனாக இருந்தாலும் பின்னால்தான் என்பது வரை கால் மணி நேரம் சொன்னான். சொல்லிவிட்டு, "சரி, உங்க ஊர்ப் பெருமாள் கோயில்ல சடாரின்னு தலைல வெப்பாங்களே, அது எதுக்கு?" என்றான்.

சின்ன வயசிலிருந்து தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டிருக்கிறேன். எதற்கு என்று எனக்குத் தெரியாது. பாட்டிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். நாலு பேரும் போனைச் சுற்றித் தலையைக் கொண்டுவந்தோம்.

"அது பெருமாளோட பாதம்டா" என்றார் பாட்டி. "காலடி."